டெட்ராய்ட்: ஒரு நீரிணையின் பெயர்



சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் வட்டாரத்தில் கார் ஆலைகள் பெருகியதிலிருந்து மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் இந்த அடைமொழி அடிபடுகிறது. டெட்ராய்ட் என்றதும் நமக்குக் கார்தான் நினைவுக்கு வரும். ஆனால் டெட்ராய்ட் என்பது ஒரு பிரெஞ்சுச் சொல். நீரிணை என்று பொருள். நமக்கும் இலங்கைக்கும் நடுவே பாக்கு நீரிணை இருக்கிறதே, அதைப் போன்ற நீரிணைதான்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே இருக்கும் பேரேரிகளை வரைபடத்தில் பாருங்கள். ஹூரான் ஏரியின் தண்ணீர் தெற்கே இறங்கி, செயின்ட் கிளேர் என்ற சிறிய ஏரியில் தங்கி, பிறகு ஈரி ஏரியில் போய்ச் சேருகிறது. இந்த ஒடுங்கிய நீர்வழியைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'தேத்ருவா' என்றார்கள். அதன் கடைசிப் பகுதிக்கு இன்று டெட்ராய்ட் ஆறு என்று பெயர். நீளம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஒரு கரையில் டெட்ராய்ட், எதிர்க்கரையில் கனடாவின் வின்ட்சர்.

1701-ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று, லா மோத் கடியாக் என்ற பிரெஞ்சு அதிகாரி ஏறத்தாழ நூறு பேருடன் படகுகளில் வந்து இங்கே கோட்டை கட்டினார். ஐரோப்பாவில் தொப்பி செய்ய பீவர் என்ற விலங்கின் தோலுக்கு அப்போது பெரும் கிராக்கி. குறுகலான இந்த நீர்வழியைத் தன் கைக்குள் வைத்திருப்பவர், தோல் தேடி மேலே உள்ள ஏரிகளுக்குப் போகும் ஆங்கிலேய வணிகர்களை மறித்துவிடலாம். கோட்டைக்கு 'நீரிணையின் பொன்ஷர்த்ரான் கோட்டை' என்று நீளமாகப் பெயர் வைத்தார்கள். பொன்ஷர்த்ரான், பதினான்காம் லூயி மன்னரின் கடற்படை அமைச்சர். காலப்போக்கில் அமைச்சர் பெயர் உதிர்ந்துபோனது, நீரிணை மட்டும் நின்றது.

பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்த இடத்துக்குப் பெயர் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே வாழ்ந்த அனிஷினாபே மக்கள் அதை 'வாவியாட்டானாங்' என்றார்கள். தண்ணீர் வளைந்து செல்லும் இடம் என்று பொருள். அவர்களும் ஆற்றைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள்.

1760-இல் கோட்டை பிரிட்டிஷார் கைக்கு வந்தது, 1796-இல் அமெரிக்கர் கைக்கு. பெயரை யாரும் மாற்றவில்லை. ஆனால் எழுத்தைப் பார்த்து ஆங்கில முறையில் படித்தார்கள். பிரெஞ்சில் ஒலிக்காத கடைசி 'ட்' ஆங்கிலத்தில் ஒலித்தது. தேத்ருவா, டெட்ராய்ட் ஆனது. தெருப் பெயர்களுக்கும் இதே கதைதான். கிராஷியோ என்று பிரெஞ்சுக்காரர் சொல்லக்கூடிய ஒரு நெடுஞ்சாலையை ஊர்க்காரர்கள் 'கிராஷட்' என்கிறார்கள். போபியன், ரிவார்ட், செயின்ட் ஓபன் ஆகிய தெருக்களின் பெயர்கள் பிரெஞ்சு உழவர் குடும்பங்களிலிருந்து வந்தவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றங்கரையில் கொஞ்சம் முகப்பு கிடைக்கும்படி நிலத்தை நாடா நாடாவாகப் பிரித்தார்கள். ஆற்றிலிருந்து உள்ளே நெடுந்தூரம் ஓடிய அந்த வயல்கள்தான் பின்னாளில் தெருக்களாயின. வயல் போய், குடும்பம் போய், மொழியும் போன பிறகும் தெருப்பலகையில் அவர்கள் பெயர் இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

இருபதாம் நூற்றாண்டில் பெயருக்குப் புதுப் பொருள் ஏறியது. 1913-இல் ஹென்றி ஃபோர்டு, டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில், நகரும் பட்டையில் கார்களைப் பூட்டும் முறையைத் தொடங்கினார். பிறகு ரூஜ் ஆற்றங்கரையில் மாபெரும் ஆலை எழுப்பினார். ரூஜ் என்றால் பிரெஞ்சில் சிவப்பு. ஏரிகள் வழியே கப்பலில் இரும்புத் தாது வந்து ஆலை வாசலிலேயே இறங்கியது. பீவர் தோலுக்காகப் பிடிக்கப்பட்ட அதே நீர்வழிதான் கார்த் தொழிலுக்கும் கைகொடுத்தது. நீரிணை இல்லையென்றால் நாம் அறிந்த டெட்ராய்ட் இல்லை.

அதன் பிறகு ஆங்கிலப் பத்திரிகைகள் 'டெட்ராய்ட் கவலை கொள்கிறது' என்று எழுதினால், அமெரிக்கக் கார்த் தொழில் முழுவதும் என்று பொருள் ஆயிற்று. டெல்லி என்று எழுதி மத்திய அரசைக் குறிப்பதைப் போன்ற வழக்கு இது. கோட்டை கட்டிய கடியாக்கின் பெயர் காடிலாக் என்ற காருக்குப் போனது. 1763-இல் அந்தக் கோட்டையை முற்றுகையிட்ட ஒட்டாவா இனத் தலைவர் போன்டியாக்கின் பெயரும் ஒரு காருக்குப் போனது.

1950-இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2020 கணக்கெடுப்பில் 6 லட்சத்து 39 ஆயிரம். ஆலைகள் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் நகர்ந்தன. வெள்ளையர் குடும்பங்கள் பெருமளவில் வெளியேறின. கறுப்பின மக்களுக்கு வீடும் வேலையும் மறுக்கப்பட்ட கசப்பு 1967-இல் கலவரமாக வெடித்தது. 2013-இல் மாநகராட்சியே திவாலானதாக அறிவித்தது. அப்போது ஆங்கிலத்தில் டெட்ராய்ட் என்பது பாழ்பட்ட நகரத்துக்கும் மறுபெயராகிவிட்டது. அங்கேயே இருந்து ஊரைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்ட லட்சக்கணக்கான மக்களுக்கு இழைத்த அநீதி என்றே இதை நான் சொல்வேன். அழிவு அந்த ஊருக்குப் புதிதல்ல. 1805-இல் தீயில் அந்த ஊர் ஏறத்தாழ முழுவதும் எரிந்தது. 'நல்லது நடக்கும் என நம்புகிறோம், சாம்பலிலிருந்து எழும்' என்பதுதான் அந்தத் தீக்குப் பிறகு அதன் குறிக்கோள் வாசகம். அதைத் தந்தவர் கேப்ரியல் ரிஷார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார்.

இனி நம் சென்னைக்கு வருவோம். டெட்ராய்ட் என்ற பெயரைப் பட்டமாகச் சூடும் ஊர் 1950-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 2013-ஐ விட்டுவிட முடியாது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்தபோது, ஒரே தொழிலை நம்பியிருப்பதன் ஆபத்தை, அதன் ஆலை இருந்த மறைமலைநகர் கண்டது. வெளிநாட்டு ஆலைகள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எண்ணூரில் அசோக் லேலண்டு லாரிகள் உருவாயின. அந்த உழைப்பு இந்த மண்ணுடையது. சென்னைக்கு இரவல் பட்டம் தேவையில்லை என்பதே என் முடிவு.