மூக்கினுள் வளரும் சதையும் சத்திரசிகிச்சையும்



மூக்கைப் பற்றி நாலுபேர் நடுவே பேசுவதற்கு நம்மவர் கூசுவர். ஆயினும் மூச்சும் உறக்கமும் உணவின் சுவையும் அச்சிறு உறுப்பின் நலத்தைச் சார்ந்தே நிற்கின்றன. இன்று மூக்கினுள் வளரும் சதையைப் பற்றியும், அதனை அகற்றும் சத்திரசிகிச்சைக்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை பற்றியும் சில சொல்ல விரும்புகின்றேன். நான் வைத்தியம் பயின்றவனல்லன். ஒரு பாடசாலை அதிபர். சில ஆண்டுகளுக்கு முன் இச்சிகிச்சையைப் பெற்றவன் என்ற முறையிலும், அதன்பொருட்டு வைத்தியர்களிடம் பல வினாக்களைத் தொடுத்தவன் என்ற முறையிலும் பேசத் துணிந்தேன்.

முதலில், இச்சதை யாது? மூக்கையும் அதனைச் சூழ்ந்த எலும்பறைகளையும் மூடியுள்ள மென்சவ்வு நெடுங்காலம் அழற்சியுற்று வீங்கி, நீர்கோத்துத் தொங்குவதே இது. தோலுரித்த முந்திரிகைக் கனி போல வெளிறித் தோன்றும்; தொட்டால் பெரும்பாலும் வலிக்காது. கண்ணாடியிற் பார்த்துச் செந்நிறமான மடிப்பொன்றைக் கண்டு, சதை வளர்ந்துவிட்டதென்று அஞ்சுவோர் பலர். அம்மடிப்பு எல்லோருக்கும் இயல்பாக உள்ளது. பண்டைக் கிரேக்கர் இந்நோய்ச் சதைக்குப் பல கால்களையுடைய கடற்பிராணியின் பெயரை இட்டனர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘பொலிப்’ என்ற சொல் அதன் வழிவந்ததே.

வளர்ந்தோரில் நூற்றுக்கு 1 முதல் 4 பேர் வரை இந்நோய்க்கு ஆளாவர் என்பது பொதுவான மதிப்பீடு. தீராத மூக்கடைப்பு, தொண்டைக்குள் சளி இறங்குதல், முகத்திற் பாரம், மணம் அறியாமை என்பன இதன் குறிகள். மணம் அறியாமையைச் சிறு குறையென எண்ணுதல் கூடாது. அடுப்பு வாயு கசிவதையும், பால் பழுதாகியதையும், சோறு கருகுவதையும் மூக்கன்றோ முதலில் நமக்கு அறிவிக்கின்றது! எனக்கு உணவெல்லாம் ஒரே சுவையாயிருந்த காலமொன்று இருந்தது. பனங்காய்ப் பணியாரத்துக்கும் பாணுக்கும் வேறுபாடு தெரியாதிருந்தேன்.

சதை என்றதும் கத்தியை நாடவேண்டியதில்லை. முதற் சிகிச்சை மருந்தே. உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும், வைத்தியர் தரும் ஸ்டீரொயிட் மருந்தை மூக்கினுள் விசிறுதலும் பலருக்குப் போதுமானவை. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டுமருந்து வேறு. அதனை ஒரு வாரத்துக்கு மேல் இட்டுவந்தால், மருந்தே அடைப்பை வளர்க்கும். மருந்துகளைச் செவ்வனே பயன்படுத்தியும் பயன் காணாதபோதுதான் நிபுணர் சத்திரசிகிச்சையை எண்ணுவார். ஒரு பக்கத்து மூக்கில் மட்டும் சதை இருந்தாலும், அதிலிருந்து குருதி கசிந்தாலும் காலந்தாழ்த்தாது காட்டுதல் வேண்டும். அது வேறுவகைக் கட்டியா என்பதை ஆராய்ந்தே தெளியலாம். சிறு பிள்ளைகளுக்கு இச்சதை தோன்றுவது அரிது. தோன்றின் அதன் காரணத்தைத் தனியே ஆராய்வர்.

சிகிச்சை முறை பழைமையானது. கிரேக்க வைத்தியர் இப்போகிரட்டீசின் காலத்திலேயே, நூலிற் கட்டிய கடற்பஞ்சை மூக்கின் வழியே இழுத்துச் சதையைப் பெயர்க்கும் முறையொன்று இருந்தது. பிற்காலத்திற் கம்பிச் சுருக்கால் அறுத்தெடுத்தனர். ஒஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரத்து மெசர்கிளிங்கர் என்ற நிபுணர், மெல்லிய உள்நோக்குக் கருவியால் மூக்கறைகளைப் பல்லாண்டு ஆராய்ந்து 1978 இல் நூலொன்று வெளியிட்டார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1980களிற் புதிய முறை உலகெங்கும் பரவியது. இன்று மூக்குத் துவாரத்தின் வழியாகவே கருவி செல்கின்றது. முகத்தில் வடு ஏற்படுவதில்லை. சதையை எடுப்பதோடு, அடைபட்ட எலும்பறைகளின் வாயில்களையும் திறந்துவிடுவர். இவ்வறைகள் கண்ணுக்கும் மூளைக்கும் அண்மையில் உள்ளமையால், முன்னதாக சி. ரி. ஸ்கான் படம் எடுப்பது வழக்கம். கண்ணுக்கோ மூளைச் சவ்வுக்கோ ஊறு நேர்தல் அரிது. ஆயினும் அத்தகைய அபாயம் உண்டென்பதை அறிந்த பின்னரே சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிடுதல் முறை.

நோயாளி வைத்தியரிடம் மறையாது சொல்லவேண்டியவை சில உண்டு. தொய்வு நோய் உண்டா? அஸ்பிரின் முதலிய வலிநீக்கிகளை உட்கொண்டபோது மூச்சு முட்டியதுண்டா? மூக்குச் சதை, தொய்வு, அஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே கூடிவருவதை 1968 இல் சாம்ரர் என்ற வைத்தியரும் அவருடைய துணைவரும் விரிவாக எழுதினர். இத்தகையோருக்கு ஒரு குளிசையே உயிருக்கு ஆபத்தாகலாம். இவர்களுக்குச் சதை மீண்டும் வளர்வதும் மிகுதி. குருதியை இளக்கும் மருந்து உண்போர் அதனையும் சொல்லவேண்டும். இருதய நோய்க்காக அத்தகைய மருந்து உண்பவர் தம் எண்ணப்படி அதனை நிறுத்தலாகாது. நாட்டு மருந்துகளையும் மறைக்கவேண்டாம்.

சிகிச்சை பெரும்பாலும் முழு மயக்கத்தில் நிகழும். விழித்தெழும்போது மூக்கு அடைத்திருக்கும். வாயால் மூச்சுவிட நேரும். சிறிது குருதியும் கசியும். இவை எதிர்பார்க்கத்தக்கவையே. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவர். ஒன்றிரண்டு வாரங்களுக்கு மூக்கைச் சிந்தலாகாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முக, தலையை உயர்த்திப் படுக்க, பாரம் தூக்காதிருக்க, புகைத்தலை அறவே விடுக. குருதி நிற்காது ஒழுகினாலும், கண் வீங்கினாலும், பார்வை மங்கினாலும் இரட்டையாகத் தோன்றினாலும், குனியும்போது தெளிந்த நீர் மூக்கினின்று சொட்டினாலும், காய்ச்சலோடு கடுந்தலைவலியும் கழுத்து விறைப்பும் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்கு விரைக.

இனி, இப்பேச்சின் உயிரான செய்திக்கு வருகின்றேன். நம் தோட்டக்காரர் கோரைப்புல்லை நன்கறிவர். மேலே செருக்கிய தோட்டம் அன்று துப்புரவாகவே தோன்றும். ஆனால் கிழங்கு மண்ணுக்குள் இருக்கின்றது. மூக்குச் சதையும் அத்தகையதே. சத்திரசிகிச்சை சதையை அகற்றுகின்றது. அதனை வளர்த்த அழற்சியை அகற்றுவதில்லை. பெல்ஜியம் நாட்டில் ஒரு சிறு தொகையான நோயாளரைச் சத்திரசிகிச்சையின் பின் 12 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். முடிவு 2019 இல் வெளியாயிற்று. ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்குச் சதை மீண்டும் தோன்றியிருந்தது. மூவரில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் மீண்டும் சத்திரசிகிச்சை பெற்றிருந்தனர்.

இதனைக் கேட்டு, ‘அப்படியாயின் சிகிச்சை எதற்கு?’ என்று வினவுதல் வேண்டாம். திறந்துவிட்ட வாயில்களின் வழியே மருந்து இப்போது உள்ளே சென்று சேரும், அதுவே பெரும்பயன். ஆதலால் வைத்தியர் குறித்த காலம்வரை நாள்தோறும் மூக்கைக் கழுவுதலும் மருந்து விசிறுதலும் சிகிச்சையின் மறுபாதியாகும். கொதிக்கவைத்து ஆறிய நீர் அரை லீற்றர் அளவில் எடுத்து, ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்துக் கழுவலாம். கிணற்று நீரையோ குழாய் நீரையோ கொதிக்கவைக்காது மூக்கினுட் செலுத்துதல் ஆபத்தானது. கழுவிய பின், தலையைச் சற்று முன்னே சாய்த்து, வலக்கையால் இடப்பக்கமும் இடக்கையால் வலப்பக்கமுமாக, நடுச்சுவரை விலக்கி வெளிப்புறம் நோக்கி மருந்தை விசிறுக. நடுச்சுவரில் விசிறினால் குருதி கசியும், மருந்தும் வீணாகும். மீண்டும் மீண்டும் சதை வளர்வோருக்கென 2019 இல் அமெரிக்காவில் டுபிலுமாப் என்ற ஊசி மருந்து அனுமதி பெற்றது. அதன் விலையோ மிகப் பெரிது. உப்புநீரை எல்லோரும் ஆக்கிக்கொள்ளலாம்.

சுகம் கண்டதும் மருந்தை மறப்பது மனித இயல்பு. மாணவர்க்கு நான் அடிக்கடி கூறுவதுண்டு: பரீட்சை முடிந்ததும் புத்தகத்தைக் கட்டிவைப்பவனிடம் கல்வி தங்குவதில்லை. சத்திரசிகிச்சை செய்யும் கை வைத்தியருடையது. அதன் பயனைக் காக்கும் கை நோயாளியினுடையது. காலையிற் பல் துலக்கும்போது மூக்கையும் நினைத்துக்கொள்வோமாயின், அப்பயன் நெடுநாள் நிலைக்கும்.