சராசரி உயர்வது கடைசி வரிசையிலிருந்து

(மும்பையில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கல்வி பற்றிய நமது தீர்மானங்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழாக்கம் செய்து வருகிறேன். நிதி ஒதுக்கீடு, தனியார்மய எதிர்ப்பு, காலிப் பணியிடங்கள் ஆகியன அவற்றில் தவறாது இடம்பெறும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்ற கேள்வியை ஒருமுறையேனும் மொழிபெயர்த்ததாக நினைவில்லை. அக்கேள்வியை இன்று எழுப்ப விரும்புகிறேன்.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். இது கவனக்குறைவன்று. பத்தின் இடம், ஒன்றின் இடம் விளங்காத பிள்ளை தானே வகுத்துக்கொண்ட விதி இது. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் தெளிவு பிறக்கும். ஆனால் பாடநூல் அதற்குள் வகுத்தலுக்கும் பின்னத்திற்கும் போய்விடுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போகிறது. தொழிலாளி வீட்டுப் பிள்ளை கடைசி வரிசைக்குப் போகிறது.

இதே மும்பையிலும் குஜராத்தின் வதோதராவிலும் 2001 முதல் சில ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. பிரதம் என்னும் தொண்டு நிறுவனத்தின் திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளியலறிஞர்கள் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை அப்பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, அவர்கள் விட்ட இடத்திலிருந்து கற்பித்தார். பள்ளிகளின் சராசரி மதிப்பெண் 0.28 திட்ட விலக்கம் உயர்ந்தது. நடுநிலையில் இருந்த பிள்ளை நூறு பேரில் பதினோரு இடம் முன்னேறியதற்கு இது ஏறத்தாழச் சமம். இந்த உயர்வின் பெரும்பகுதி அடிநிலைப் பிள்ளைகளால் வந்தது. வதோதராவில் ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகளாக, வாரம் இரண்டு மணி நேரம், அவரவர் நிலைக்கேற்ற கணக்கு விளையாட்டுகளை அளித்தபோது கணித மதிப்பெண் 0.47 உயர்ந்தது.

தோழர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்த இளம்பெண்ணுக்கு மாத ஊதியம் 500 முதல் 750 ரூபாய். இதைக் காட்டி, நிரந்தர ஆசிரியர் எதற்கு என்று கேட்போர் உண்டு. திட்டம் முடிந்த ஓராண்டில் அந்த உயர்வு ஏறத்தாழ 0.1 ஆகச் சுருங்கியது என்பதும் அதே ஆய்வின் முடிவே. தொடர்ந்து செய்ய வேண்டிய பணி இது. தொடர்ந்து செய்ய நிரந்தர ஆசிரியர் வேண்டும், அவருக்கு உரிய ஊதியமும் வேண்டும்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, குறித்த காலத்தில் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்குமாறு ஆசிரியரைப் பணிக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிக்கவும் அதே பிரிவு பணிக்கிறது. நடைமுறையில் முன்னதற்கே கணக்குக் கேட்கப்படுகிறது. பின்னதற்கு நேரமே ஒதுக்கப்படுவதில்லை. ஆளில்லாப் பள்ளியில் ஒருவரே இரண்டு வகுப்புகளைப் பார்க்கும்போது எந்த ஆசிரியரால் இது இயலும்?

ஆகவே நமது கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்: காலிப் பணியிடங்களை நிரப்புக, நாள்தோறும் ஒரு நேரத்தை, பாடநூலை மூடிவைத்து, பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்க ஒதுக்குக. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்க்கு உரியது. அங்கே நம் தோழர்கள் அமர வேண்டும். கட்டடம், கழிப்பறை பற்றிப் பேசிய பின்னர், கழித்தல் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்றும், அவர்களுக்காக என்ன ஏற்பாடு என்றும் கேட்க வேண்டும்.

அடுத்த தீர்மானத்தில் இக்கேள்வி இடம்பெறட்டும். மொழிபெயர்க்கக் காத்திருக்கிறேன்.