திரைக்கலைக் கல்வியும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

திரைக்கலைக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் பி.ஏ., பி.எட். படித்த பள்ளி ஆசிரியன். திரைக்கலை அறிந்தவன் அல்லன். ஆயினும் இப்பொருளில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்காகவேனும் இம்மேடையில் நிற்கலாம் என்று துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற நம் பகுதி மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். அவன் தாய் முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலாளி. "காட்சித் தொடர்பியல் படிக்க விரும்புகிறேன் சார்" என்றான். "சினிமா சோறு போடாது, ஆசிரியர் வேலைக்கு வழி பார்" என்று கடிந்து அனுப்பினேன். அவன் தாய் மட்டும், "ஆசைப்பட்டதைப் படிக்கட்டும் சார்" என்றார். அந்த அம்மையாருக்கு இருந்த துணிவு எனக்கு இல்லாமற் போயிற்று.

நம் முன்னோர் இத்தகைய துணிவோடு வாழ்ந்தவர்கள். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டார். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் 'மூக்நாயக்' என்னும் மராத்தி இதழைக் கண்டார். ஊமைகளின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதையே படித்துக்கொண்டிருக்கலாகாது, நாமே எழுத வேண்டும் என்பதே அவர்கள் நமக்குக் காட்டிய வழி.

அச்சுத் துறையில் தொடங்கிய அப்பணி திரைத்துறைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. நம் அண்டையிலுள்ள சிதம்பரத்தை நாடிச் சென்ற நந்தனார் கதையை எண்ணிப் பாருங்கள். 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராக நடித்தார். 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். இனிய பாடல்கள் நிறைந்த படங்கள் அவை. ஆனால் திரையில் நந்தன் ஆண்டையிடம் அனுமதி வேண்டி நின்றான்; கண்ணீர் விட்டான். அதே நந்தனாரின் பெயரால் 1916-இலேயே சிதம்பரத்தில் பள்ளி தொடங்கி, நம் பிள்ளைகளின் கையில் பலகையையும் பல்பத்தையும் கொடுத்தவர் சுவாமி சகஜானந்தர். அப்பலகையைப் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கேமராவையும் பிடிக்க விரும்பினால், அதைத் தடுக்க நான் யார்?

இனி, அக்கல்வியில் என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

அந்த மாணவன் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில், செய்முறைப் பயிற்சிக்காக ஐந்து நிமிடப் படம் ஒன்றைத் தன் கைப்பேசியிலேயே எடுத்தான். அவன் தாயும் உடன் வேலை செய்யும் பெண்களும் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைக்கும் காட்சி. சங்கத்தின் மாலை வகுப்பில் அதைச் சுவரில் போட்டுக் காட்டினான். எல்லோரும் கை தட்டினோம். அவன் தாய் மட்டும், "என்னடா, எல்லாரையும் மேலேருந்தே பாத்திருக்கே? மேஸ்திரி நின்னு பாக்குற மாதிரி இருக்கு" என்றார்.

அவன் தலை குனிந்தான். பெண்கள் தரையில் அமர்ந்திருக்க, இவன் நின்றபடியே படம் எடுத்திருக்கிறான். மறு வாரம் அவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்கள் கண்மட்டத்தில் கேமராவை வைத்து மீண்டும் எடுத்தான். அதே பெண்கள், அதே வேலை. ஆயினும் இம்முறை அவர்கள் நமக்கு நிகராக நம்மை நோக்கினார்கள். கேமராக் கோணம் என்றால் என்ன என்பதை ஐம்பது வயதைக் கடந்த பிறகு அன்றுதான் நான் கற்றேன்.

படத்தொகுப்பும் அவ்வாறே. ரஷ்ய நாட்டில் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குலெஷோவ் என்னும் திரைக்கலை ஆசிரியர் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒருமுறை உணவுக் கிண்ணத்தோடும், மறுமுறை சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையோடும் இணைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் முதலில் பசியையும் பின்னர் துயரத்தையும் கண்டார்கள். முகம் மாறவில்லை, பக்கத்தில் வைத்த காட்சிதான் மாறியது. நம் சேரிக் குடிசையைக் காட்டியதும் அடுத்த காட்சியாகச் சாராயப் புட்டியை வைப்பதா, பிள்ளையின் பாடநூலை வைப்பதா? அதை முடிவு செய்பவர் படத்தொகுப்பாளர். அந்த இருக்கையில் நம் பிள்ளையும் ஒருநாள் அமர வேண்டும்.

அவ்வாறு அமர்ந்தவர்கள் உண்டு. மராட்டிய மாநிலத்தில் வடார் என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த நாகராஜ் மஞ்சுளே, அகமத்நகர்க் கல்லூரியில் தொடர்பியல் படித்தபோது பாடத்தின் பகுதியாக 'பிஸ்துல்யா' என்னும் குறும்படத்தை எடுத்தார். பள்ளிக்குச் செல்ல ஏங்கும் ஏழைச் சிறுவனின் கதை அது. 2010-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பின்னர் அவர் எடுத்த 'ஃபன்றி'யின் இறுதியில், இழிவுபடுத்தப்பட்ட சிறுவன் எறியும் கல் நேரே கேமராவை நோக்கி வருகிறது. அதாவது, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் நம்மை நோக்கி வருகிறது.

தமிழகத்தில், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்ற பா. இரஞ்சித் 2012-இல் 'அட்டகத்தி'யை இயக்கினார். 2018-இல் அவர் தயாரிக்க, மாரி செல்வராஜ் 'பரியேறும் பெருமாள்' படத்தை இயக்கினார். நம் பண்ருட்டியை அடுத்த பத்திரக்கோட்டையில் உழவர் குடும்பத்தில் பிறந்த தங்கர் பச்சான், சென்னைத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். 'காதல் கோட்டை'க்கு ஒளிப்பதிவு செய்தவர். 2002-இல் 'அழகி'யை இயக்கியவர். இம்மண்ணிலிருந்து அவ்விடம் செல்ல வழி உண்டு என்பதற்கு அவரும் ஒரு சான்று.

இளைஞர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். என் மாணவன் இன்று சென்னையில் உதவிப் படத்தொகுப்பாளனாக இருக்கிறான். வருமானம் இன்னும் நிலைபெறவில்லை. ஆகவே நடிகராகும் மயக்கத்தில் எவரும் வீட்டை விட்டு ஓட வேண்டா. முறையாகக் கற்று, கைத்தொழிலாக இதைப் பழகுங்கள். சென்னைத் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு ஆகியவற்றை அங்கே பயிலலாம். பட்டம் பெற்றோர் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரப் புனேயில் 1960-இலும் கொல்கத்தாவில் 1995-இலும் தொடங்கப்பட்ட மைய அரசு நிறுவனங்கள் உள்ளன. அங்கெல்லாம் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. கல்வி உதவித்தொகைக்கும் உரிய காலத்தில் விண்ணப்பியுங்கள்.

அதற்கு முன்னரே தொடங்கக்கூடிய பயிற்சியும் உண்டு. பார்த்த படத்தையே மீண்டும் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கேமரா எங்கே நிற்கிறது, யாரை மேலிருந்து பார்க்கிறது, யாரை நிமிர்ந்து பார்க்கிறது, காட்சி எங்கே வெட்டப்படுகிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். நல்ல சிறுகதைகளைப் படியுங்கள். உங்கள் தெருவின் முதியோரிடம் அவர்கள் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் திரைக்கலை நூல்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை நல்ல படமொன்றைத் திரையிட்டுக் கலந்துரையாட ஏற்பாடு செய்யுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: நம்மிடம் இத்தகைய பிள்ளை வந்தால், நான் சொன்னதைச் சொல்லாதீர்கள், அந்தத் தாய் சொன்னதைச் சொல்லுங்கள்.

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இதன் வரலாற்றைப் படமாக எடுப்பவர் நம் பிள்ளைகளுள் ஒருவராக இருக்கட்டும். அவர் நம்மோடு தரையில் அமர்ந்து அதை எடுக்கட்டும்.