ஏட்டில் எழுதினால் போதுமா?

மன்னன் கையிலிருந்த அதிகாரத்தை மக்கள் பிடுங்கிய கதை நேபாளத்தின் கதை. நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

1959-ல் அங்கே முதல் பொதுத்தேர்தல் நடந்தது. மக்கள் அமைத்த சர்க்காரை 1960 டிசம்பர் 15-ந் தேதி மன்னர் மகேந்திரா கலைத்தார். பிரதமர் கொய்ராலாவைச் சிறையில் தள்ளினார். கட்சிகளுக்குத் தடை! முப்பது ஆண்டுகள் அரண்மனை வைத்ததே சட்டம்.

1990-ல் நேபாளி காங்கிரசும் இடதுசாரிகளும் கைகோத்தனர். மக்கள் தெருவில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். மன்னர் பீரேந்திரா பணிந்தார். ஆட்சியுரிமை மக்களுக்கே என்றது புதிய அரசியல் சட்டம். மகத்தான வெற்றிதான். ஆனால் ராணுவம் அரண்மனையின் பிடியிலேயே இருந்தது.

விளைவு என்ன? 2005 பிப்ரவரி 1-ந் தேதி மன்னர் ஞானேந்திரா ஆட்சியைப் பறித்துக்கொண்டார். 2006 ஏப்ரலில் ஊரடங்கை மீறி மக்கள் 19 நாட்கள் போராடினர். 2008 மே 28-ந் தேதி அரசியல் நிர்ணய சபை முடியாட்சியையே ஒழித்தது.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஆலையில் சங்கத்தைக் கலைத்துவிடுவோமா? பேசிய கூலி மடிக்கு வராமல் களத்தை விட்டு நகர்வோமா? அரசியல் சட்டமும் அப்படித்தான், தோழர்களே! எழுதி வாங்குவது பாதி வேலை. காத்து நிற்பது மீதி வேலை.