தவற்றுக்கு உரியவர் எங்கே? – பிழையை ஒப்புக்கொள்ளும் ஜெர்மன் தொடர்கள்



மொழியியல் பயின்றவனிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஒருவர் என்ன சொல்கிறார் என்று கேட்கும்போதே, அதை எந்த வேற்றுமையில் சொல்கிறார் என்றும் அவன் காது கேட்கும். ஜெர்மன் மொழி பேசுவோர் தம் பிழையை முறைப்படி ஒப்புக்கொள்ளும்போது எத்தகைய தொடர்களை ஆள்கின்றனர், அத்தொடர்களில் பிழைக்கு உரியவர் எங்கே நிற்கிறார் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் சொல்லைக் காண்போம். பிழையைக் குறிக்கும் பொதுச்சொல் 'ஃபேலர்'. இது 'ஃபேலன்' என்னும் வினையோடு உறவுடையது. பழைய பிரெஞ்சிலிருந்து ஜெர்மனுக்கு வந்த அவ்வினைக்குக் குறி தப்புதல் என்பது பழம்பொருள்களுள் ஒன்று. இலக்கில் படாத சூட்டை 'ஃபேல்ஷுஸ்' என்று இன்றும் சொல்கின்றனர். நம் 'தவறு', 'தப்பு' என்னும் பெயர்களையும் 'குறி தவறியது', 'கை தப்பியது' என்னும் வழக்குகளோடு வைத்துப் பாருங்கள். இலக்கைச் சேராத முயற்சியே பிழை என்று இரு மொழியாரும் எண்ணியிருப்பது தெரியும்.

இனித் தொடருக்கு வருவோம். 'இஹ் ஹாபெ ஐனன் ஃபேலர் கெமாஹ்ட்' என்பது நேரான தொடர். 'நான் ஒரு தவறு செய்துவிட்டேன்' என்பது பொருள். 'இஹ்', அதாவது 'நான்', இங்கே எழுவாய். அலுவல் மடல்களில் இதனினும் மெருகேறிய ஒரு தொடரைக் காணலாம்: 'மீர் இஸ்ட் ஐன் ஃபேலர் உன்டர்லாஃபன்'. இத்தொடரில் எழுவாய் 'ஃபேலர்' என்னும் பிழை. 'மீர்' என்பது நான்காம் வேற்றுமை ஏற்ற தன்மைப் பெயர். நம் 'எனக்கு' என்பதற்கு நிகரானது. வினையைப் பிரித்தால் 'உன்டர்' என்பது கீழ், 'லாஃபன்' என்பது ஓடுதல். நான் அறியாமல் ஒரு பிழை இடையில் புகுந்துவிட்டது என்பதே தொடரின் குறிப்பு.

இதைக் கேட்டவுடன், 'பழியைப் பிழையின் மேலேயே போட்டுவிட்டுத் தப்பும் தந்திரம் அல்லவா இது?' என்று நீங்கள் வினவலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இவ்வேற்றுமை புதிதன்று. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்' என்கிறோம். ஜெர்மானியரும் 'எனக்குக் குளிர்கிறது' என்பதை 'மீர் இஸ்ட் கல்ட்' என்று அதே வேற்றுமையில் சொல்கின்றனர். 'எனக்கு' என்று சொல்பவர் வினையைத் திட்டமிட்டுச் செய்யாதவர். ஆனால் அது யாரைச் சேர்ந்தது என்பதை மறைக்காதவர். 'உன்டர்லாஃபன்' தொடர் உள்நோக்கத்தை மட்டுமே மறுக்கிறது. உரிமையை மறுக்கவில்லை.

இதற்கு மாறானது 'எஸ் வுர்டன் ஃபேலர் கெமாஹ்ட்' என்னும் செயப்பாட்டுவினைத் தொடர். 'தவறுகள் செய்யப்பட்டன' என்பது பொருள். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் தொடர் முழுவதும் தேடினாலும் ஆள் அகப்படமாட்டார். அதேபோல், அறிவிப்புகளில் 'வீர் பிட்டன் உம் ஈர் ஃபெர்ஷ்டென்ட்னிஸ்' என்றொரு தொடர் மிகுதியாக வழங்குகிறது. 'தங்கள் புரிந்துணர்வை வேண்டுகிறோம்' என்பது பொருள். பணிவான தொடர்தான், எனினும் அது எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. புரிந்துகொள்ளும் கடமையைக் கேட்பவர் தோளில் ஏற்றிவிட்டு நகர்கிறது.

ஒப்புக்கொண்டபின் மன்னிப்பு. இதற்குரிய சொல் 'என்ட்ஷுல்டிகுங்'. 'என்ட்' என்பது நீக்கத்தைக் குறிக்கும் முன்னொட்டு. நடுவே உள்ள 'ஷுல்ட்' என்பதற்குக் குற்றம், கடன் என இரு பொருள் உண்டு. ஆகவே 'இஹ் பிட்டெ உம் என்ட்ஷுல்டிகுங்' என்பவர், 'என் மேலுள்ள குற்றத்தை நீக்கியருளுங்கள்' என்று வேண்டுகிறார். 'இஹ் என்ட்ஷுல்டிகெ மிஹ்' என்றொரு வழக்கும் பரவலாக உண்டு. சொல்லைப் பிரித்துப் பார்த்தால், 'என் குற்றத்தை நானே நீக்கிக்கொள்கிறேன்' என்றாகும். அகராதிகள் இதனை ஏற்றுக்கொண்டுள்ளன. ஆயினும் மொழியில் நுட்பம் பேணுவோர், 'கடன்பட்டவரே கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியுமா?' என்று கேட்டு, 'வேண்டுகிறேன்' என்னும் தொடரையே விரும்புகின்றனர்.

இன்னும் கனமான சொல் 'ஃபெர்ட்ஸையுங்'. உரிமைக் கோரிக்கையைக் கைவிடுதல் என்பது அதன் அடியிலுள்ள பழம்பொருள். இச்சொல் நாடறிய ஒலித்த நாள் 2021 மார்ச் 24. பெருந்தொற்றின்போது ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நாட்டைக் கூடுதலாக முடக்குவதென ஜெர்மன் அரசத் தலைவர் அங்கேலா மெர்க்கலும் மாநில முதல்வர்களும் கூடி முடிவெடுத்தனர். அடுத்த நாளே அதை மெர்க்கல் கைவிட்டார். முடிவு பலர் கூடி எடுத்தது. 'தவறுகள் நேர்ந்தன' என்று அவர் சொல்லியிருந்தாலும் இலக்கணம் இடம் தந்திருக்கும். அவரோ 'ஐன்ட்ஸிக் உன்ட் அல்லைன் மைன் ஃபேலர்' என்றார். முழுக்க முழுக்க என் தவறு என்பது பொருள். குடிமக்கள் அனைவரிடமும் 'ஃபெர்ட்ஸையுங்' வேண்டினார். அத்தொடரின் ஆற்றல் 'மைன்', அதாவது 'என்', என்னும் ஒரு சிறு சொல்லில் அடங்கியிருக்கிறது.

பிழையின் அளவுக்கேற்பச் சொல்லின் எடையும் மாற வேண்டும். போலந்தின் வியேலுன் நகரம் 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. எண்பது ஆண்டுகள் கழித்து அதே நாளில் ஜெர்மன் அதிபர் ஷ்டைன்மையர் அங்கே நின்று 'ஃபெர்கேபுங்' வேண்டினார். சமயச் சாயல் மிக்க சொல் அது. மடலில் நேர்ந்த எழுத்துப்பிழைக்கு அதை ஆண்டால் நகைப்பாகும். அத்தகைய கொடுமையை 'ஃபேலர்' என்று சுருக்கினால் அது மற்றொரு கொடுமையாகும்.

இதனைத் தமிழாசிரியர்முன் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மொழியிலும் இந்த இரு வழிகளும் இருக்கின்றன. 'தவறு நேர்ந்துவிட்டது' என்னும்போது வினை அஃறிணை ஒருமையில் முடிகிறது, பேசுபவர் மறைந்துகொள்கிறார். 'தவறு செய்துவிட்டேன்' என்னும்போது 'ஏன்' என்னும் தன்மை ஒருமை விகுதி அவரைக் காட்டிக்கொடுக்கிறது. இடையில் வரும் 'விடு' என்னும் துணைவினையோ, 'வேண்டுமென்று செய்யவில்லை' என்னும் வருத்தத்தை உணர்த்துகிறது. ஜெர்மன் மொழி 'மீர்' என்னும் சொல்லாலும் 'உன்டர்லாஃபன்' என்னும் வினையாலும் காட்டும் நேர்மையை நாம் ஒரே முற்றுவினையில் காட்டலாம்.

நான் அதைக் காட்டத் தவறிய ஒரு நாளைச் சொல்லி முடிக்கிறேன். விரிவுரையாளனாகப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஒரு மாணவி தம் கட்டுரையில் 'அழியாப் புகழ்' என்று எழுதியிருந்தார். பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகாது என்னும் பொதுவிதி மட்டும் நினைவிலிருக்க, அந்தப் பகர ஒற்றைச் சிவப்பு மையால் அடித்தேன்; மதிப்பெண்ணையும் குறைத்தேன். அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அங்கே வல்லினம் மிகும். மறுநாள் அவர் இலக்கண நூலோடு வந்து நின்றார். நான் வகுப்பை நோக்கி, 'திருத்தத்தில் சில பிழைகள் நேர்ந்துள்ளன' என்றேன். மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தேன். அவர் 'பரவாயில்லை, ஐயா' என்று தாளை வாங்கிக்கொண்டார். அதன்பின் அவர் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஜெர்மன் பாடநூலில் 'மீர் இஸ்ட் ஐன் ஃபேலர் உன்டர்லாஃபன்' என்னும் தொடரைப் படித்தபோது, அந்த முகமே கண்முன் வந்தது. மதிப்பெண்ணைத் தந்தேனே தவிர, அவருக்குரிய விகுதியை நான் தரவில்லை. அவர் இன்று எங்கேனும் ஆசிரியராக இருக்கக்கூடும். இந்த உரை அச்சேறி அவர் கைக்கு எட்டுமாயின், அன்று சொல்லியிருக்க வேண்டிய தொடர் இது: 'அழியாப் புகழ்' என்று நீங்கள் எழுதியது சரி. நான் தவறாக அடித்துவிட்டேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.