சட்டம் போயிற்று, அச்சம் போகவில்லை



2001 ஜூலையில் லக்னோ காவல்துறை சிலரைக் கைது செய்தது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு ஆணுறை வழங்கி, எச்ஐவி தடுப்பைப் பற்றிப் பேசிவந்த களப்பணியாளர்கள் அவர்கள். தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு அவர்கள் மீது பாய்ந்தது. நாற்பது நாட்களுக்கும் மேல் சிறையில் இருந்தனர்.

1860இல் காலனி ஆட்சி எழுதிய பிரிவு அது. 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் அதன் கொடுக்கை ஒடித்தது. 2013இல் உச்சநீதிமன்றம் திரும்ப ஒட்டவைத்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, இசைவோடு கூடும் வயதுவந்தோர் குற்றவாளிகள் அல்லர் என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தச் சட்டம் வளர்த்த அச்சம் இன்னும் பரிசோதனை மையத்தின் வாசலில் நிற்கிறது.

நாட்டின் வயதுவந்தோரிடையே எச்ஐவி பரவல் ஏறத்தாழ 0.2 சதவீதம். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே 2021ஆம் ஆண்டின் அரசுக் கண்காணிப்பு கண்டது 3 சதவீதத்துக்கும் மேல். இதை ஒழுக்கக்கேட்டின் விளைவு என்பது பிற்போக்காளர் வாதம். (இயக்கத்தின் அணிகளிலும் அந்தக் குரல் சில நேரம் கேட்பதை மறைக்க வேண்டியதில்லை.) ஆணுறையற்ற குதவழி உறவில் கிருமி எளிதில் தொற்றுகிறது, கிரந்திப் புண் இருந்தால் இன்னும் எளிது. இவை உடற்கூற்று உண்மைகள். தனக்குத் தொற்று உள்ளதை அறியாமல் ஒருவன் ஆண்டுக்கணக்கில் வாழ்வதோ சமூகத்தின் விளைவு.

மும்பையிலோ பெங்களூருவிலோ மூவரோடு ஓர் அறையைப் பகிர்ந்து, ஒப்பந்த வேலை பார்க்கும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அரசு மையத்தில் பரிசோதனை இலவசம். ஆனால் அது பகலில் மட்டுமே திறந்திருக்கும். போனால் அன்றைய கூலி போகும். அறிக்கை பிறர் கையில் சிக்கினால் அறையும் போகலாம், வேலையும் போகலாம். முன்பு பூங்காக்களில் களப்பணியாளர் இவனைத் தேடி வந்தனர். இன்று கைபேசிச் செயலி வழியே துணை தேடுபவனை அவர்கள் எங்கே காண்பது?

அவனுக்குச் சொல்ல வேண்டியவை எளியவை. தொற்றிய உடனே பரிசோதனை அதைக் காட்டாது. மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இடர் தொடர்ந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. கூட்டு மருந்து 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து நிலைத்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது.

2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் இசைவின்றிப் பரிசோதிப்பதையும் தொற்றுக்காக வேலைநீக்கம் செய்வதையும் தடுக்கிறது. சிகிச்சை என்று வரும்போது மட்டும் 'இயன்றவரை' என்று நழுவுகிறது. தொற்றோடு வாழ்வோர் அச்சொல்லை நீக்கக் கோரினர். ஒன்றிய அரசு செவிசாய்க்கவில்லை. மையங்களின் ஆலோசகர்களும் ஆய்வக நுட்பநர்களும் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தப் பணியாளர்களாகவே நீடிக்கின்றனர்.

நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் இச்சட்டப்படி புகார் அலுவலரை நியமித்தாக வேண்டும். நியமித்திருக்கிறதா என்ற கேள்வி அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறட்டும்.