நின்ற வண்டியில் பாட்டரி இறங்குவதேன்?

(வாடகைக் கார் ஓட்டும் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச வந்தது மோட்சத்தைப் பற்றியுமல்ல, நரகத்தைப் பற்றியுமல்ல. உங்கள் காரின் பானெட்டுக்கு அடியிலிருக்கும் பாட்டரியைப் பற்றியேயாகும். இரண்டு நாள் சவாரியில்லாமல் நின்ற வண்டியில் மூன்றாம் நாள் விடியற்காலை சாவியைத் திருப்பினால் “டிக் டிக்” என்கிறதேயொழியக் கிளம்புவதில்லை. ரயிலுக்குப் போக வேண்டியவர் வேறு வண்டி பார்க்கிறார். அன்றைய வரும்படி போகிறது. ஆனால் கடன் தவணை மாத்திரம் நிற்பதில்லை.

இதற்கு நம்மவர்கள் செய்வதென்ன? ஒருவர் கண்ணேறு என்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். மற்றொருவர் கடைக்காரர் சொன்னவுடனே ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுப் பாட்டரி வாங்குகிறார். அடுத்த முறை வண்டி நின்றதும் அதுவும் படுத்துவிடுகிறது. இவ்விருவருக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் காரணத்தைத் தேடவில்லை. பின்னவருக்குச் செலவு அதிகம், அவ்வளவுதான்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 40 ஆம்பியர்-மணி பாட்டரி என்றால் 1 ஆம்பியர் வீதம் சுமார் 40 மணி நேரம் கொடுக்கும் என்று பொருள். பாதிக்குமேல் இறங்கினால் ஸ்டார்ட்டர் திணறும். கடிகாரம், அலாரம் முதலியவற்றுக்காக நிறுத்திய வண்டியும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பாட்டரி பாதியாக 16 நாளுக்கு மேல் ஆகும். ஆனால் டிக்கிக்குள் 5 வாட் பல்பு ஒன்று அணையாமலிருந்தால் 400 மில்லி ஆம்பியருக்கு மேல் போகும். இரண்டே நாளில் பாதி காலி! கண்ணுக்குத் தெரியாத கண்ணேறு இதுதான்.

ஆகவே முதலில் பாட்டரியையே பரீட்சை செய்யுங்கள். முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மைனஸ் ஒயரைக் கழற்றி, ஓரிரவு தனியே விடுங்கள். காலையில் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டையொட்டி இருந்தால் அது பெரும்பாலும் குற்றவாளியல்ல. ஒன்றும் இணைக்காமலே 12.2-க்குக் கீழே போனால் அதன் ஆயுள் முடிந்தது. பிறகு எஞ்சின் ஓடும்போது பாருங்கள். சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லையோ என்று சந்தேகியுங்கள்.

இவ்விரண்டும் சரியென்றால் திருடன் வண்டிக்குள் இருக்கிறான். சாவியை எடுத்து, விளக்குகளை அணைத்து, கதவுகளைச் சாத்துங்கள். மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கழற்றிய மைனஸ் ஒயருக்கும் பாட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் இணையுங்கள். இணைத்தபின் சாவியைத் திருப்பவே கூடாது. திருப்பினால் மீட்டரின் பியூஸ் போய்விடும். இக்காலத்து வண்டிகளில் கம்ப்யூட்டர்கள் உறங்கவே அரைமணிக்கு மேலாகலாம். பொறுத்திருந்து பாருங்கள். அவசரக்காரருக்கு நல்ல வண்டியும் கெட்டதாகவே தோன்றும்.

அதன் பிறகும் 50-க்கு வெகு மேலே நின்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. பிற்பாடு மாட்டிய பாட்டுப் பெட்டி, காமிரா, ஜிபிஎஸ் கருவி, ஒட்டிக்கொண்ட ரிலே ஆகியவைதான் அநேகமாக அகப்படும். எந்த பியூஸுக்கும் விழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டையோடைச் சந்தேகியுங்கள். அதை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டிக்கி விளக்குக்கு இவ்வளவு பாடும் வேண்டாம். கைபேசியில் படம் பிடிக்கவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள், சங்கதி தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடியோ, சூடமோ கொளுத்தாதீர்கள். கழற்றும்போது மைனஸை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் வையுங்கள்.

தோழர்களே! ஒரு மீட்டரின் விலை ஒரு பாட்டரியின் விலையில் சிறு பங்குதான். பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கி ஸ்டாண்டில் வைத்தால் போதும். நான் சொன்னேன் என்று இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்றிரவே உங்கள் வண்டியில் அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு யாராவது “பாட்டரியை மாற்று” என்றால், “எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்குப் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லி என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.